விசா ரெடி, கால் ரெடியா?

ரோம் நகரின் ட்ரெவி நீரூற்று முன்னால் கூடும் கூட்டத்தில் இந்தியக் குடும்பத்தை அடையாளம் காண முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. சற்றே குனிந்து பார்த்தால் போதும். ஜரிகைக் கரையிட்ட புடவைக்குக் கீழே பளீரென்று வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ. பக்கத்தில் கணவர் காலிலும் அதே வெள்ளை, அதே பளபளப்பு. விமானம் ஏறுவதற்கு மூன்று நாள் முன்பு, ஒரே கடையில், இரண்டாவது ஜோடிக்குத் தள்ளுபடி என்ற சந்தோஷத்தில் வாங்கியவை. இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. புடவைக்குக் கீழே ஷூ அணிவது புத்திசாலித்தனமான காரியம்தான். கோளாறு அந்த 'மூன்று நாள் முன்பு' என்பதில் இருக்கிறது.

ஐரோப்பா கிளம்பும் நடுத்தர வர்க்க இந்தியர் விசா காகிதங்களுக்கு இரண்டு மாதம் ஒதுக்குகிறார். தேப்லா, ஊறுகாய், புளியோதரைப் பொடி, குளிருக்கு உள்ளாடை என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் உண்டு. பட்டியலின் கடைசி வரியில் ஷூ. ஆனால் பன்னிரண்டு நாளும் அவரைத் தாங்கப்போவது அதுதான். பழைய நகரங்களில் சுற்றுலா பஸ்ஸை வாசல் வரை விடுவதில்லை. ஏதோ ஓரிடத்தில் இறக்கிவிட்டால் மீதி நடைதான். வாட்டிகன் அருங்காட்சியகக் கூடங்களின் மொத்த நீளம் சுமார் 7 கிலோமீட்டர். வெனிஸின் பழைய நகரத்துக்குள் கார் கிடையாது. 400க்கு மேற்பட்ட பாலங்கள் உண்டு, அவற்றில் பெரும்பாலானவை படி ஏறி இறங்க வேண்டியவை. ரோமின் பழைய தெருக்களில் பாவியிருக்கும் சிறு கருங்கற்கள் எரிமலைப் பாறையில் வெட்டியவை. இடுக்கில் குதிகால் மாட்டும், மழை பெய்தால் வழுக்கும். ஆபீசுக்கு ஸ்கூட்டரிலும் மார்க்கெட்டுக்கு ஆட்டோவிலும் போய் வந்தவர் திடீரென்று ஒரு நாளில் எட்டு, பத்து கிலோமீட்டர் நடக்கிறார்.

அதுவும் எந்தக் காலை வைத்துக்கொண்டு? வீட்டில் வெறுங்கால், கோயிலில் வெறுங்கால், தெருவுக்கு வந்தால் செருப்பு என்று ஐம்பது வருடம் தாராளமாக விரிந்து பழகிய கால். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்து பார்த்தது. இந்தியப் பாதம் பொதுவாக ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்று தெரிந்தது. இதை வைத்து இந்தியாவுக்கென்றே 'பா' என்ற அளவுமுறையையும் பரிந்துரைத்தார்கள். பாரதத்தின் முதலெழுத்து. வேடிக்கை என்னவென்றால், ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் உள்ள தொழிற்சாலைகள் பல ஆண்டுகளாக ஐரோப்பாவுக்கு ஷூ தைத்து அனுப்புகின்றன, ஐரோப்பியக் காலின் அச்சு மீது. வெள்ளைக்காரன் விட்டுப்போன நம்பரை நம்பிக் கடைக்குப் போகும் உள்ளூர்க்காரர் அகலம் பிடிக்கிறது என்று ஒரு நம்பர் பெரிதாக வாங்குகிறார். அகலம் சரியாகிறது, நீளம் மிஞ்சுகிறது. குதிகால் உள்ளே ஏறி இறங்கி, நடக்க நடக்கக் கொப்புளம்.

நம்பரே ஒரு வலைதான். பிரிட்டிஷ் அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் வித்தியாசம் ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர். ஐரோப்பிய அளவில் ஆறே முக்கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான். ஆகவே ஒன்றுக்கு ஒன்று அச்சாகப் பொருந்தாது. அமெரிக்காவில் ஆண்களின் நம்பர் பிரிட்டிஷ் நம்பரைவிடச் சுமார் ஒன்று கூடுதல், பெண்களுக்கு இரண்டு. நியூஜெர்சியில் இருக்கும் மகன், "அப்பா, உங்க சைஸ் என்ன?" என்று போனில் கேட்கிறார். "எட்டு" என்கிறார் அப்பா. அமெரிக்க எட்டு வந்து காத்திருக்கிறது, ஒரு நம்பர் சிறிதாக. பிள்ளை ஆசையாக வாங்கி வைத்ததை இறுக்குகிறது என்று சொல்ல மனம் வராத அப்பாக்கள்தான் நயாகராவில் நொண்டுகிறார்கள்.

மாலையில் கடைக்குப் போவது நல்லது. நாள் முழுவதும் நடமாடிய பிறகு கால் சற்று வீங்கியிருக்கும். விமானத்தில் பல மணி நேரம் உட்கார்ந்தாலும் அதே வீக்கம்தான். பயணத்தில் போடப்போகும் சாக்ஸையே கையோடு கொண்டுபோக வேண்டும். பருத்தி சாக்ஸ் வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும் என்பதால் நெடுநடைக்கு மெல்லிய கம்பளியோ செயற்கை இழை கலந்ததோ மேல். இரண்டு காலிலும் போட்டு எழுந்து நின்று பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம். பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். ஷூவைக் கையில் எடுத்து மடக்கினால் விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் திருப்பிக் கொடுத்துவிடலாம், அது எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும். "போடப் போட லூசாகிடும் சார்" என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். முதல் நாள் பிடிப்பது பத்தாவது நாளும் பிடிக்கும்.

வெள்ளையும் வேண்டாம். கறுப்போ அடர் சாம்பலோ எடுத்தால் புடவைக்கும் சல்வாருக்கும் பேன்ட்டுக்கும் ஒத்துப்போகும், இரவு விருந்துக்கும் அதையே போட்டுக்கொள்ளலாம், பெட்டியில் ஒரு ஜோடியின் கனம் மிச்சம். மேல்புறம் வெறும் வலைத்துணியாக இருந்தால் 3,020 மீட்டர் உயரத்தில் டிட்லிஸ் பனியில் கால் வைத்த ஐந்தாவது நிமிடம் சாக்ஸ் நனைந்துவிடும். லேஸ் கட்டுவதா வேண்டாமா என்பது போகும் இடத்தைப் பொறுத்தது. இஸ்தான்புல்லின் நீல மசூதியிலும் லண்டன் நீஸ்டன் சுவாமிநாராயண் கோயிலிலும் கழற்றித்தான் ஆக வேண்டும். அமெரிக்க விமான நிலையங்களில் 2006 முதல் எல்லோரும் ஷூவைக் கழற்றிச் சோதனைக்குக் கொடுத்துவந்தார்கள். 2025 ஜூலையில்தான் அந்தத் தொல்லை நீங்கியது. குனிய முடியாத முழங்கால்காரர்களுக்கு ஒட்டும் பட்டி வைத்த ஷூ உத்தமம்.

சிக்கனக்காரர்களுக்கு வேறொரு ஆபத்து. போன முறை வெளிநாடு போனபோது வாங்கியது, நான்கு வருடமாக பிளாஸ்டிக் கவரில் பரண்மேல் புதிதாகவே இருக்கிறது. பாலியூரித்தேன் அடிப்பாகம் ஈரக்காற்றில் உள்ளுக்குள்ளேயே மெல்ல மெல்லச் சிதைந்துவிடும். மும்பை, சென்னைக் காற்றில் கேட்கவே வேண்டாம். வெளியே ஒன்றும் தெரியாது. பாரிஸில் ஈபிள் கோபுரத்தைப் பார்த்து நடக்கும்போது அடிப்பாகம் பிஸ்கட் போல உதிர்ந்து கழன்று விழும்.

இதெல்லாம் அசௌகரியம். நீரிழிவுக்காரருக்கு விஷயம் வேறு. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடி. ஆண்டுக்கணக்கில் சர்க்கரை இருந்தால் பலருக்குப் பாத நரம்புகள் மரத்துப்போகின்றன. ஷூ கடித்தால் மற்றவர்கள் அரை மணியில் உட்கார்ந்துவிடுவார்கள். இவர் உட்கார மாட்டார். "பரவாயில்லையே, இவர்தான் எல்லாரையும்விட நன்றாக நடக்கிறார்" என்று மனைவிக்குப் பெருமையாகக்கூட இருக்கும். இரவு ஹோட்டலில் சாக்ஸைக் கழற்றும்போது அதில் ரத்தக்கறை. அந்தப் புண் ஊர் திரும்பிய பிறகும் ஆறாமல், விரலை எடுப்பதில் போய் முடிந்த கதைகளை நீரிழிவு டாக்டர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். தொழுநோயாளிகளின் பாதம் அழிவது சதை அழுகுவதால் அல்ல, வலி தெரியாததால் என்று வேலூரில் 1946 முதல் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் கண்டறிந்தார். மரத்த பாதங்களுக்கென்று அங்கே பயன்படுத்திய மெத்தென்ற நுண்துளை ரப்பர்தான் நீரிழிவு மருத்துவமனைகள் தரும் எம்.சி.ஆர். செருப்பிலும் இருக்கிறது.

ஆகவே சர்க்கரைக்காரர் டிக்கெட் வாங்கும்போதே டாக்டரிடம் காலைக் காட்டிவிட வேண்டும். நைலான் இழையைப் பாதத்தில் தொட்டுப் பார்க்கும் சோதனைக்குச் சில நிமிடம்தான் ஆகும். உணர்ச்சி குறைவு என்றால், உள்ளே இருக்கும் மெத்தையைக் கழற்றிவிட்டு டாக்டர் சொல்லும் மெத்தையை வைக்கும் அளவுக்கு ஆழமான ஷூவாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை போடும் முன்பும் உள்ளே கைவிட்டுத் துழாவ வேண்டும். ஒரு சிறு கல் போதும். இரவில் பாதத்தின் அடியை மனைவியோ மகளோ பார்த்துச் சொல்லட்டும், அல்லது கண்ணாடி உதவும். கொப்புளம் தெரிந்தால் மறுநாள் அருங்காட்சியகம் ரத்து, பணம் கட்டியிருந்தாலும்.

சர்க்கரை இல்லாதவர்களும் புது ஷூவை ஒரு மாதம் முன்பே வாங்கி, முதலில் வீட்டுக்குள் ஒரு மணி நேரம், பிறகு மாலை நடைக்கு, கடைசி வாரம் முழுநாளும் என்று போட்டுப் பழக வேண்டும். பக்கத்து வீட்டார் சிரித்தால் சிரிக்கட்டும். கிளம்பும் நாளில் அதைக் காலிலேயே போட்டுக்கொண்டு விமானம் ஏறுவது நல்லது. பெட்டி தவறிப்போனால் சட்டையும் பல்பொடியும் ஃபிராங்க்ஃபர்ட்டில் கிடைக்கும். பழகிய ஷூ கிடைக்காது.