தோட்டத்தைத் தோட்டமாக மட்டும் பார்க்க வேண்டுமாம்!



வேல்ஸ் நாட்டின் நடுப்பகுதியில், இங்கிலாந்து எல்லையை ஒட்டி, வெல்ஷ்பூல் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதன் அருகே குன்றின்மேல் சிவந்த கல்லால் ஆகிய பொவிஸ் மாளிகை நிற்கிறது. மாளிகையின் அடியிலிருந்து சரிவு முழுவதும் படிப்படியாகத் தோட்ட மேடைகள் இறங்குகின்றன. இந்தத் தோட்டத்தின் படங்கள் நம் புலனக் குழுக்களில் அவ்வப்போது வலம் வரும். படத்திற்குக் கீழே இரண்டு வகைக் கருத்துகளைக் காணலாம். "என்ன அழகு! தோட்டம் போட வெள்ளைக்காரனிடம்தான் கற்க வேண்டும்" என்பது ஒன்று. "இது இராபர்ட் கிளைவ் நம்மைக் கொள்ளையடித்துக் கட்டிய கோட்டை. திப்புவின் செல்வமெல்லாம் அங்கேதான் இருக்கிறது" என்பது மற்றொன்று.

இரண்டுமே எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்லவே இந்தப் பதிவு.

முதலில் இரண்டாமவருக்கு. கோபம் நியாயமானதாக இருக்கலாம். அதற்காகக் கணக்கு தவறலாமா? அந்தக் கோட்டையைக் கிளைவ் கட்டவில்லை. 13ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கியவர் குருபித் ஆப் குவென்வின்வின் என்னும் வேல்ஸ் சிற்றரசர். தம் இனத்துத் தலைவர் இலுவெலினுக்கு எதிராக ஆங்கில மன்னனோடு சேர்ந்துகொண்டவர் அவர். (நம்மவர் எட்டப்பன் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறோமே, அதை வேல்ஸ் மொழியில் எப்படிச் சொல்வார்களோ!) 1587இல் எர்பர்ட் குடும்பத்தார் அதை விலைக்கு வாங்கினர். புகழ்பெற்ற தோட்ட மேடைகள் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், இத்தாலியப் பாணியைப் பின்பற்றி அமைக்கத் தொடங்கியவை. 1688இல் மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் நாட்டைவிட்டு ஓடியபோது மாளிகைக்கு உரியவரும் உடன் சென்றுவிட்டார். புதிய மன்னர் வில்லியம் அந்த இடத்தைத் தம் உறவினருக்குத் தூக்கிக் கொடுத்தார். 1722இல்தான் எர்பர்ட் குடும்பம் அதை மீண்டும் பெற்றது. இவ்வளவும் நடந்து முடியும்வரை இராபர்ட் கிளைவ் பிறக்கவே இல்லை. அவர் பிறந்தது 1725இல். இறந்தது 1774இல். பொவிஸ் மாளிகை ஒருநாளும் அவர் உடைமையாக இருந்ததில்லை. திப்பு சுல்தான் வீழ்ந்ததோ 1799 மே 4ஆம் நாள். கிளைவ் இறந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்து!

இப்படித் தவறான செய்தியைப் பரப்பினால் என்ன ஆகும்? எதிர்த்தரப்பில் ஒருவர் இந்த ஆண்டுகளை எடுத்து வைத்தால் போதும், "பார், இவர்கள் சொல்வதெல்லாம் கட்டுக்கதை" என்று நம் உண்மையான வழக்கையும் சேர்த்துத் தள்ளுபடி செய்துவிடுவார். நமக்கு உண்மையான வழக்கு ஒன்று இருக்கிறது. அது நம் வீட்டு வாசல்வரை, பினாங்குவரை நீள்கிறது.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொவிஸ் மாளிகை கடனிலும் கவனிப்பின்மையிலும் கிடந்தது. பெயர் இருந்தது, பட்டம் இருந்தது, பணம் இல்லை. மறுபக்கம் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ். அவரிடம் தந்தை வைத்துச் சென்ற பணம் இருந்தது. பிளாசிப் போருக்குப் பின் மீர் ஜாபரிடமிருந்து இராபர்ட் கிளைவ் பெற்றது மட்டும் 2,34,000 பவுண்டு. அதற்கு மேல் ஆண்டுக்கு 27,000 பவுண்டு வருவாய் தரும் மானியம். வங்காளத்தின் வரி வசூலை 1765இல் கும்பினி கைப்பற்றியது. ஐந்தே ஆண்டில், 1770இல், அங்கே பெரும் பஞ்சம் வந்தது. அந்தக் காலத்துச் செல்வம் இது. 1784இல் எட்வர்ட் கிளைவும் எர்பர்ட் குடும்பத்து மகள் என்ரியெட்டாவும் மணம் புரிந்தனர். பழைய பெயரும் புதிய பணமும் கைகோத்தன. மாளிகை பிழைத்தது; மேடைகளும் பிழைத்தன. ஆகவே அந்தத் தோட்டத்தை இந்தியப் பணம் உருவாக்கவில்லை. உருவானது அழியாமல் இருக்க இந்தியப் பணம் தேவைப்பட்டது. இப்படிச் சொன்னால் யாராலும் மறுக்க முடியாது.

பலர் கிளைவ் என்றாலே தந்தையை மட்டும் நினைக்கிறார்கள். தமிழர்களாகிய நாம் நினைவில் வைக்க வேண்டியவர் மகன். 1798 முதல் 1803 வரை சென்னைக் கோட்டையில் ஆளுநராக அமர்ந்திருந்தவர் இந்த எட்வர்ட் கிளைவ். அந்த ஐந்து ஆண்டுகளில் என்னென்ன நடந்தன?

1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 சூலையில் கர்நாடக நவாபின் ஆட்சி கும்பினியின் கைக்கு மாறியது. அதே ஆண்டு அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் மருது பாண்டியர் தூக்கிலிடப்பட்டனர். திசம்பர் 1இல் ஆளுநர் பெயரில் வெளிவந்த அறிவிப்பு, பாளையக்காரர்கள் படைக்கலம் வைத்திருப்பதைத் தடைசெய்து கோட்டைகளை இல்லாமல் ஆக்கியது. இவை அனைத்தும் ஒரே ஆளுநரின் காலம். சென்னையில் இராஜாஜி மண்டபம் என்று இன்று வழங்கும் கட்டடத்தை எழுப்பியதும் அவரே. பிளாசி வெற்றிக்கும் சீரங்கப்பட்டண வெற்றிக்கும் நினைவாக, விருந்து மண்டபமாக அது கட்டப்பட்டது. நம் தலைவர்களின் உடலை வைத்து அஞ்சலி செலுத்திய அந்தப் படிக்கட்டு எதற்காகக் கட்டப்பட்டது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

எட்வர்ட் கிளைவ் கொடியவர் என்று நான் எழுதவில்லை. பெரிய திறமைசாலி என்று அவரை அக்காலத்தவர் எவரும் கருதவில்லை. பெரிய முடிவுகள் கல்கத்தாவில் வெல்லெசுலியின் மேசையில் எடுக்கப்பட்டன. இவர் தோட்டப் பிரியர். எண்பதாம் அகவையிலும் காலை ஆறு மணிக்கு மேலங்கியைக் கழற்றிவிட்டு மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்பு கூறுகிறது. நல்ல மனிதராகவே இருந்திருக்கலாம். அதனால் ஆணைகள் மாறிவிடுமா? சென்னையிலிருந்து திரும்பிய மறு ஆண்டே, 1804இல், பொவிஸ் பிரபு என்னும் பட்டம் அவருக்காகப் புதுப்பிக்கப்பட்டது. எந்தப் பணிக்குக் கிடைத்த மதிப்பு அது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இனி அந்த மாளிகையில் இருக்கும் பொருள்களைப் பார்ப்போம். இந்தியாவிலிருந்தும் கிழக்காசியாவிலிருந்தும் சென்ற பொருள்கள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றைக் காட்சிக்கு வைக்க 1987இல் கிளைவ் அருங்காட்சியகம் என்ற பெயரில் தனியே ஓர் இடம் திறந்தார்கள். திப்புவின் அரியணையை வெற்றி பெற்றவர்கள் துண்டு துண்டாக்கிப் பங்கிட்டார்கள் அல்லவா, அதிலிருந்து கழன்ற பொற்புலித் தலை ஒன்று அங்கே இருக்கிறது. வெல்லெசுலி அதை என்ரியெட்டா அம்மையாருக்குப் பரிசாக அளித்தார். பூவேலைப்பாடு கொண்ட பருத்தித் துணியால் ஆன திப்புவின் கூடாரமும் அங்கே உள்ளது. அந்தக் கூடாரத்தைக் கிளைவ் குடும்பத்தார் எதற்குப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாக!

"தோட்டத்தைத் தோட்டமாகப் பாருங்கள், அரசியலைக் கொண்டுவராதீர்கள்" என்று கூறுவோரிடம் இதைத்தான் கேட்கிறேன். போர்க்களத்துக் கூடாரத்தைத் தோட்டத்தில் நட்டு, அதனடியில் அமர்ந்து தேநீர் அருந்தியவர் யார்? அரசியலை அங்கே கொண்டுவந்தது நானா?

இந்தப் பேச்சு இங்கே மட்டும் எழவில்லை. பொவிஸ் மாளிகை 1952 முதல் பிரிட்டனின் தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளது. அந்த அறக்கட்டளை 2020 செப்டம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. தன் பொறுப்பிலுள்ள இடங்களில் 93க்குக் காலனி ஆட்சியோடும் அடிமை முறையோடும் தொடர்பு உண்டு என்று அதில் எழுதியது. பொவிசும் அவற்றுள் ஒன்று. உடனே கூச்சல்! நாடாளுமன்ற உறுப்பினர் சிலரும் நாளிதழ்களில் பத்தி எழுதுவோரும் பொங்கி எழுந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூப்பார்க்கச் செல்லும் மக்களைக் குற்றவாளிகள் ஆக்குகிறார்களாம். அறக்கொடைகளைக் கண்காணிக்கும் ஆணையம் ஆராய்ந்து, அறக்கட்டளை சட்டப்படியே நடந்துகொண்டது என்று 2021 மார்ச்சில் தெரிவித்தது. வீட்டின் கூரைக்குக் கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்வது வரலாறு அன்று, அரசியல் என்றால், கூரையின் வேலைப்பாட்டை மட்டும் புகழ்வது என்ன?

என் குறை வேறு. அந்த அறிக்கையை வரவேற்கிறேன். ஆனால் மாளிகையைப் பற்றி நான் படித்த சுருக்க வரலாறுகளில் கூடாரம் வருகிறது, புலித்தலை வருகிறது, மனிதர்கள் வருவதில்லை.

1800ஆம் ஆண்டு என்ரியெட்டா அம்மையார் தம் இரு மகள்களோடு சென்னையிலிருந்து புறப்பட்டுத் தென்னாட்டைச் சுற்றிவந்தார். வேலூர், பெங்களூர், சீரங்கப்பட்டணம், திருச்சி, தஞ்சை, தரங்கம்பாடி என்று ஏறத்தாழ ஏழு மாதப் பயணம். அம்மையார் செடிகளும் சிப்பிகளும் கற்களும் சேகரித்தார். பாரசீகம் பயின்றார். இளைய மகள் சார்லட்டு நாட்குறிப்பு எழுதினாள். 1787இல் பிறந்தவள், அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று அகவை. பின்னாளில் விக்டோரியா இளவரசிக்கே ஆசிரியையாக அமர்த்தப்பட்டவள் அவள். குழந்தையின் நாட்குறிப்பு என்பதால் ஓர் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு அதன்மேல் பற்று உண்டு. மறைக்க மாட்டேன்.

ஏறத்தாழ அவள் அகவையையே ஒத்த ஒரு சிறுவன் சிவகங்கைச் சீமையில் இருந்தான். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி. தந்தை தூக்கிலிடப்பட்ட சில மாதங்களில், 1802 பிப்ரவரியில், எழுபதுக்கும் மேற்பட்ட கைதிகளோடு அவனையும் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றினார்கள். சிவகங்கையின் மன்னராக இருந்த வேங்கை பெரிய உடையணத் தேவரும் அக்கூட்டத்தில் இருந்தார். கப்பல் சென்ற இடம் வேல்ஸ் இளவரசர் தீவு. ஆம், அன்றைக்குப் பினாங்கின் பெயர் அதுதான்! வேல்ஸ் நாட்டு மாளிகைக்கு உரியவரின் ஆட்சியில், வேல்ஸ் பெயர் தாங்கிய தீவுக்குத் தமிழர்கள் விலங்கோடு வந்து இறங்கினார்கள். அப்போது தீவை ஆண்டவர் ஜார்ஜ் லீத். அவர் பெயரில் சார்ச்சுடவுனில் தெரு இருக்கிறது. சுற்றுலாப் பேருந்து நிற்கிறது.

கும்பினிப் படையின் அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் துரைச்சாமியைப் பற்றி எழுதியிருக்கிறார். வேல் எறியவும் வளரி வீசவும் இந்த வெள்ளையருக்குக் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருது. 1818இல் பினாங்கில் தளர்ந்து மெலிந்த ஒருவர் வெல்ஷின் முன் வந்து நின்றார். கிழவர் என்று எண்ணினார் வெல்ஷ். அது துரைச்சாமி. கணக்குப் போட்டுப் பாருங்கள், முப்பதை ஒட்டிய அகவை. அதே அகவையில் சார்லட்டு ஒரு பிரபுவின் மனைவி.

ஒரு பயிலரங்கில் இதை எடுத்துரைத்தபோது, "ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைதிகளின் கதை எதற்கு ஐயா?" என்று ஒருவர் கேட்டார். ஏன் எதற்கு? மலேசியத் தமிழர் வரலாறு என்றாலே நம் பிள்ளைகள் சொல்வது ஒரே விடைதான்: "பால்மரம் வெட்ட வந்தோம்." தோட்டம் என்றாலே நமக்கு நினைவுக்கு வருவதும் அந்தத் தோட்டந்தான். பால்மரம் வெட்டிய பாட்டன் பாட்டியைப் பற்றி வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர்கள் வியர்வையில்தான் நானும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிவரை சென்று படித்தேன். ஆனால் இரப்பர் விதை இந்த மண்ணைத் தொடுவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, எதிர்த்து நின்றதற்காகத் தண்டிக்கப்பட்டு இங்கே வந்தவர்களும் தமிழர்களே. அதைச் சொல்லாமல் விடுவதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

கூடாரத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள் என்பார் சிலர். கேட்க வேண்டியவர்கள் கேட்கட்டும். மைசூர்ப் பொருளுக்கு நான் உரிமை கொண்டாடப் போவதில்லை. என் கோரிக்கை மிகச் சிறியது, செலவும் இல்லாதது. மாளிகையின் குடும்ப வரலாற்றில் எட்வர்ட் கிளைவின் பெயர் வரும் இடத்தில், அவர் ஆளுநராக இருந்தபோது பினாங்குக்கு அனுப்பப்பட்டவர்களைப் பற்றி ஒரே ஒரு வரி வேண்டும். நம் பங்குக்கு, லீத் தெருவுக்கு மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் அதே வரியைப் பேருந்திலேயே சொல்லிவிடலாம்.

பிரிட்டனில் பயிலும் நம் பிள்ளைகள் எவரேனும் வெல்ஷ்பூல் பக்கம் செல்ல நேர்ந்தால், தோட்டத்தைக் கண்குளிரப் பாருங்கள். முந்நூறு ஆண்டுகளைத் தாண்டிய யூ மர வேலிகள் மேகம்போலச் சரிந்து தொங்குகின்றன, காண வேண்டியவைதாம். வெளியேறும்போது கருத்தேடு நீட்டினால் "1802, பினாங்கு" என்று எழுதி வையுங்கள். என்னவென்று கேட்டால், துரைச்சாமியைப் பற்றிச் சொல்லுங்கள்.