எழுபது வளைவும் ஒரு வேலியும்

கொல்லிமலையிலே குண்டனி நாடு என்று ஒரு நாடு இருக்கிறது. "நாடு" என்றதும், அதற்குத் தனி மந்திரிசபையும் தபால்தலையும் உண்டோ என்று பட்டணத்து நேயர்கள் மயங்க வேண்டாம். மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும் விளைகிற மலைக் கிராமங்களின் தொகுதிக்கு அங்கே நாடு என்று பெயர். ஆயினும் பெரிய ராஜ்யங்களுக்கும் வாய்க்காத ஓர் அலங்காரம் இந்த மலைக்கு வாய்த்திருக்கிறது. அடிவாரத்திலிருந்து மேலே ஏறும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள்!

அந்தப் பாதை யாருக்காகப் போடப்பட்டது? சந்தைக்குப் பலாப்பழம் ஏற்றிச் செல்லும் வண்டிக்காக. நாமக்கல்லுக்குப் போகும் பஸ்ஸுக்காக. நள்ளிரவில் பிரசவ வேதனையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்படும் தாய்க்காக. ஆனால் இப்போதெல்லாம் வேறொரு கூட்டமும் அதை நாடி வருகிறது. மோட்டார் சைக்கிளில் ஏறி, எழுபது வளைவையும் எத்தனை நிமிஷத்தில் கடந்தோம் என்று கடிகாரம் பார்க்கிற வாலிபர் கூட்டம் அது. வில்லுக்குப் பேர்போன வல்வில் ஓரி ஆண்ட மலை அல்லவா? தாமும் அம்பாய்ப் பறக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுகிறது போலும். ஓரி விட்ட அம்பு குறி பார்த்து விட்ட அம்பு என்பதை மட்டும் அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இளைஞர்களைக் கண்டிப்பது சுலபம். அதற்கு முன்னால், வேகம் என்னும் இந்த ஆசையை உலகம் எப்படிக் கையாண்டது என்று கொஞ்சம் பார்க்கலாம்.

தெருவில் பிறந்த பந்தயம்

"பந்தயம்" என்பது நம்முடைய குடும்பங்களில் அவ்வளவு மரியாதையான சொல் அன்று. அதைக் கேட்டதும் கிண்டி குதிரை மைதானமும், அங்கே சம்பளத்தைத் தொலைத்துவிட்டு வீடு திரும்பிய கணவன்மார்களுமே நினைவுக்கு வருவார்கள். மோட்டார் பந்தயத்தில் ஓட்டுகிறவன் பணயம் வைப்பது காசை அன்று, உயிரை. ஆதி காலத்தில் வேடிக்கை பார்க்க வந்தவனுடைய உயிரையும் சேர்த்தே வைத்தான்.

1903-ஆம் ஆண்டில் பாரிஸிலிருந்து மாட்ரிட் நகரம் வரையில் ஒரு பந்தயம் ஏற்பாடாயிற்று. ஜனங்கள் நடமாடும் சாதாரணச் சாலைகளிலேயே வண்டிகள் பாய்ந்தன. புகழ்பெற்ற ரெனோ சகோதரர்களில் ஒருவரான மார்ஸெல் உட்படப் பலர் மாண்டார்கள். பந்தயம் போர்தோ நகரத்தோடு நிறுத்தப்பட்டது. "கிராண்ட் பிரீ" என்ற பெயரோடு பிரெஞ்சுக்காரர்கள் முதன்முதல் நடத்திய பெரிய பந்தயம் 1906-ல் லெ மான் நகருக்கு அருகில் நடந்தது. அதற்கும் சுமார் நூறு கிலோமீட்டர் சுற்றளவுள்ள கிராமச் சாலைகளைத்தான் அடைத்து உபயோகித்தார்கள்.

பந்தயத்துக்கென்றே தனிப் பாதை போட வேண்டும் என்ற புத்தி 1907-ல் இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் என்னுமிடத்தில் செயலுக்கு வந்தது. இத்தாலியர்கள் 1922-ல் மோன்ஸா அரச பூங்காவில் ஒரு சுற்றுப்பாதை அமைத்தார்கள். பாதை தனியாகிவிட்டால் மட்டும் ஆபத்து நீங்கிவிடுமா? நீங்கவில்லை. 1928-ல் மோன்ஸாவில் ஒரு வண்டி ஜனக்கூட்டத்தில் பாய்ந்து, இருபதுக்கு மேற்பட்டவர்களைப் பலி கொண்டது. 1955-ல் லெ மான் பந்தயத்தில் எண்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதைக் கண்டு அஞ்சிய ஸ்விட்ஸர்லாந்து, சுற்றுப்பாதைப் பந்தயத்தையே பல பத்தாண்டுகள் தன் மண்ணில் தடுத்து வைத்திருந்தது.

ஆகவே, மோட்டார் பந்தயத்தின் சரித்திரத்தில் கோப்பைகளையும் மாலைகளையும் நீக்கிவிட்டுப் பார்த்தால், எஞ்சுவது ஒரு வேலியின் சரித்திரம். வேகத்தை ஜனங்களிடமிருந்து எவ்வளவு தூரம் விலக்கி வைப்பது என்று, ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் மனிதன் கற்றுக்கொண்ட பாடமே அது.

யுத்தம் விட்டுச் சென்ற சொத்து

இரண்டாவது உலக யுத்தம் ஊர் ஊராக விமான ஓடுதளங்களைக் கட்டிவிட்டுப் போயிற்று. விமானங்கள் பறந்துபோன பிறகு அந்தத் தளங்கள் என்ன ஆவது? இங்கிலாந்தில் ஸில்வர்ஸ்டன் என்ற தளத்தைப் பந்தயக்காரர்கள் 1948-ல் பிடித்துக்கொண்டார்கள். 1950 மே மாதம் 13-ந் தேதி, உலகச் சாம்பியன் பட்டத்துக்குரிய முதல் கிராண்ட் பிரீ அங்கேதான் நடந்தது. ஆல்ஃபா ரோமியோ வண்டியில் ஃபாரினா வென்றார். ஆறாம் ஜார்ஜ் மன்னரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

நமக்கும் ஒரு ஸில்வர்ஸ்டன் இருந்தது. சென்னையிலிருந்து வடக்கே, செங்குன்றம் தாண்டிக் கல்கத்தா செல்லும் சாலையில் சோழவரம் இருக்கிறது. அதன் ஏரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த சென்னைவாசிகளில் எத்தனை பேருக்கு, அங்கேயும் ஒரு யுத்தகால ஓடுதளம் இருந்தது தெரியும்? 1953-ல் ஸ்தாபிக்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தத் தளத்தைத் தன் பந்தய பூமியாக்கிக்கொண்டது. சங்கத்தைத் தொடங்கியவர்கள் மோட்டார் மீது மோகம் கொண்ட சிலர். வேலை நாளில் தொழிலைப் பார்த்துக்கொண்டு, ஓய்வு நாளில் கையில் கிரீஸ் அப்பிக்கொண்டவர்கள். ராஜ குடும்பத்தாரும் ஓட்டினார்கள், பட்டறைக்காரர்களும் ஓட்டினார்கள். பார்க்க வந்த ஜனத்திரளோ ஆயிரக்கணக்கில்.

வெளிநாட்டு வண்டிகளை இறக்குமதி செய்வது மிகவும் கடினமாயிருந்த காலம் அது. கல்யாண வீட்டுக்கு மாப்பிள்ளையை அழைத்துப் போகும் அம்பாஸிடரும், டாக்டர் வீட்டு வாசலில் நிற்கும் ஃபியட்டும், ஸ்டாண்டர்ட் ஹெரால்டுந்தான் சோழவரத்தில் பந்தயக் குதிரைகள். என்ஜினைப் பிரித்து, ராவி, எடை குறைத்து, மறுபடியும் பூட்டி ஓட விடுவார்கள். சுதேசியம் என்பது இராட்டையோடு முடிந்துவிட்டது என்று எண்ணுகிறவர்கள், இந்தப் பட்டறைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். வாங்க முடியாததை நம்முடைய கைகளே செய்துகொண்டன.

இந்தக் கைவேலையின் சிகரம் கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன். பந்தயத்திலும் ஓட்டினார், பந்தய வண்டிகளையும் கட்டினார். மாருதி 800 காரின் சின்னஞ்சிறு என்ஜினை வைத்துக்கொண்டு, ஒற்றை ஆசனமுள்ள "ஃபார்முலா மாருதி" வண்டியை எண்பதுகளின் இறுதியில் உண்டாக்கினார். வசதி குறைந்த வாலிபனும் உண்மையான பந்தய வண்டியில் உட்கார்ந்து பழகுவதற்கு அது வழி திறந்தது. 1995-ல் ஒரு விமான விபத்தில் அவர் மறைந்தார். கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் உள்ள பந்தயப் பாதைக்கு "காரி மோட்டார் ஸ்பீட்வே" என்று அவர் நினைவாகவே பெயர். சங்க காலத்தில் கொல்லிமலை ஓரியைப் போரில் வீழ்த்தியவன் பெயரும் காரிதான். அந்தக் காரி வேறு, இந்தக் காரி வேறு என்று தமிழ்ப் பண்டிதர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறோம்!

இருங்காட்டுக்கோட்டை

இரவல் ஓடுதளத்தில் எத்தனை காலம் விளையாட முடியும்? விமானம் நேரே ஓடிப் பறப்பதற்காகப் போட்ட பாதையில், வளைவு தவறிய வண்டிக்குப் போக்கிடமும், பார்ப்பவர்களுக்குப் பாதுகாப்பான இடமும் போதிய அளவு எப்படி இருக்கும்? சங்கத்தார் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக ஒரு பாதை போட்டார்கள். 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள அது 1990-ல் திறக்கப்பட்டது. பந்தயத்துக்கென்றே இந்தியாவில் அமைந்த முதல் நிரந்தரச் சுற்றுப்பாதை அதுதான். சோழவரத்தில் விதைத்தது இருங்காட்டுக்கோட்டையில் முளைத்தது.

பயிர் பலன் தந்ததா என்று கேட்கலாம். ஃபார்முலா மாருதியில் பழகிய கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன், 2005 மார்ச்சில் மெல்போர்ன் நகரில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கினார். அந்தப் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் அவர். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 2010-ல், சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் இரண்டாமவரானார். மெட்ராஸ் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான இந்து சந்தோக்கின் பேரர் இவர். பாட்டனார் சோழவரத்தில் போட்ட அஸ்திவாரத்தின்மேல் பேரர் ஏறி நின்றார்.

நரேனுடைய வாழ்க்கையில் ஒரு நாள் நமது விஷயத்துக்கு மிகவும் பொருத்தமானது. 2005 ஜூன் மாதம் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் பந்தயம். பயிற்சியின்போது, சரிந்த வளைவு ஒன்றில் மிஷெலின் டயர்கள் பழுதாயின. அவை தாங்கா என்று தெரிந்ததும், அந்த டயர் பூட்டிய பதினான்கு வண்டிகள் பந்தயம் ஆரம்பமாகும் தறுவாயில் விலகிக்கொண்டன. மிச்சமிருந்த ஆறு வண்டிகளில் நரேன் நான்காவதாக வந்து, புள்ளி பெற்ற முதல் இந்தியரானார். ஜனங்கள் கூச்சலிட்டார்கள், பத்திரிகைகள் பரிகசித்தன. ஆனால் ஆபத்து என்று தெரிந்த பிறகு, அத்தனை ஆயிரம் கண்களுக்கு முன்னால், "ஓட்டமாட்டோம்" என்று திரும்பிச் செல்வதற்கும் தைரியம் வேண்டும். வேகமாய் ஓட்டும் தைரியத்தைக் காட்டிலும் அது ஒரு மாற்று உயர்ந்தது என்பது நமது அபிப்பிராயம்.

டில்லி தந்த பாடம்

டில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில் புத்தர் பெயரால் ஒரு பிரம்மாண்டமான சுற்றுப்பாதை அமைந்தது. 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகள் அங்கே இந்தியன் கிராண்ட் பிரீ நடந்தது. மூன்றிலும் ஜெர்மானிய வீரர் ஸெபாஸ்டியன் வெட்டலே வென்றார். இதை விளையாட்டென்று கொள்வதா, கேளிக்கையென்று வரி விதிப்பதா என்பது போன்ற தகராறுகள் எழுந்தன. 2014 முதல் அந்தப் பந்தயம் நம் நாட்டுக்கு வரவில்லை. கோடி கோடியாய்க் கொட்டிக் கட்டிய மாளிகையில் மூன்றே முறை விளக்கு எரிந்தது. கைக்காசைப் போட்டுக் கட்டிய குடிசையிலோ தலைமுறை தலைமுறையாக அடுப்பு புகைகிறது. விழாவை விலைக்கு வாங்கலாம். பழக்கத்தை வாங்க முடியாது.

2024-ல் ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில், சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலையை அடைத்து இராப் பந்தயம் நடந்ததை நேயர்கள் அறிவார்கள். தெருவிலிருந்து பாதைக்குப் போன பந்தயம், தடுப்பும் வலையும் விளக்கும் புடைசூழத் தெருவுக்கே திரும்பி வந்தது! இதிலும் பாடம் ஒன்றுதான். சர்க்காரின் அனுமதியும் அடைப்பும் இல்லாமல் பொதுச்சாலையில் வேகப் போட்டி நடத்துவது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவின்படி குற்றம். பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் செய்தால், 2019-ல் செய்த திருத்தத்தின்படி பெற்றோரே சிறை செல்ல நேரலாம். "எங்கள் பையன் பன்னிரண்டு வயதிலேயே வண்டி ஓட்டுவான்" என்று உறவினர்களிடம் பெருமையடிக்கும் தந்தைமார்கள் இதைக் கவனிப்பார்களாக.

குழந்தைகள் விஷயம்

வேலிக்குள்ளே போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டோம். 2023 ஜனவரியில், ஐம்பத்தொன்பது வயதான அனுபவசாலி ஒருவர் சென்னைப் பாதையில் நடந்த கார் பந்தயத்தில் உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், அதே பாதையில், மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஒரு சிறுவன் மாண்டான். வயது பதின்மூன்று. தலைக்கவசமும் உறையும் வைத்தியர்களும் இருந்த இடத்தில்தான் இது நடந்தது. பெரியவர் தம் உயிரைத் தாமே பணயம் வைத்தார் என்று ஒருவாறு மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். பதின்மூன்று வயதுக் குழந்தைக்காகப் பணயம் வைக்க யாருக்கு உரிமை உண்டு? எந்த வயதில், எவ்வளவு சக்தியுள்ள வண்டியில், எத்தனை பேரோடு சேர்ந்து ஒரு பிள்ளை ஓட்டலாம் என்பதைப் பந்தய சங்கங்களும் பெற்றோரும் கூடி, கண்டிப்பாய், பதக்கங்களின் பளபளப்பை மறந்து, தீர்மானிக்க வேண்டும்.

எல்லாப் பாதுகாப்பும் இருக்கும் இடத்திலேயே இப்படியென்றால், எதிரே பஸ் வருகிறதா என்றும் தெரியாத கொல்லிமலை வளைவைப் பற்றி என்ன சொல்வது?

மலையிலே வேகத்துக்கு இடமே கிடையாதா என்று யாராவது கேட்டால், அதற்கும் வழி உண்டு. இலங்கையில் நுவரெலியாவில், நம் தமிழ்த் தொழிலாளர்கள் தேயிலை பறிக்கும் மலைகளின் நடுவே, மஹகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் 1934-ல் ஆரம்பமாயிற்று. சாலையை அடைத்துவிட்டு, வண்டிகளை ஒவ்வொன்றாக மேலே அனுப்பிக் கடிகாரத்தோடு மட்டும் போட்டி போட விடுவது மலையேற்றப் பந்தயத்தின் முறை. எதிரே வருவார் இல்லை, முந்துவார் இல்லை. கொல்லிமலையில் அப்படி ஒன்று வேண்டுமா என்பதை அந்த மலைவாசிகளே தீர்மானிக்கட்டும், பாதை அவர்களுடையது. பட்டணத்து வாலிபர்களின் ஆசைக்காக ஒரு நாள் பஸ்ஸை நிறுத்துவதற்கும் அவர்களுடைய சம்மதம் வேண்டும்.

அதைவிட அவசியமானது மற்றொன்று. சேலத்துக்கும் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் பக்கத்தில், சுமாரான செலவில் பழகக்கூடிய சின்னஞ்சிறு வேலியிட்ட பாதைகள் வேண்டும். சோழவரத்தார் ஓர் இரவல் ஓடுதளத்தை வைத்துக்கொண்டு தொடங்கியதை, இன்றைய மாகாணம் செய்ய முடியாதா?

அதுவரையில், குண்டனி நாட்டுக்கு ஏறும் வாலிப நண்பர்களே, சங்கதி இவ்வளவுதான். குறுகலான மலைப்பாதையில் இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. எழுபது வளைவிலும் அதை அனுசரித்து, ஒலி கொடுத்து, நிதானமாய் ஏறி இறங்குகிற பஸ் டிரைவருக்கு எந்தக் கிராண்ட் பிரீயிலும் கோப்பை கொடுப்பதில்லை. ஆனாலும் அவர் நாள் தவறாமல் வென்றுகொண்டிருக்கிறார். அவரோடு பஸ்ஸிலிருக்கும் அத்தனை பேரும் வென்றுகொண்டிருக்கிறார்கள்.