முறை போட்டுத் தூங்கும் தூக்கம்

நாமக்கல், சங்ககிரி பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் லாரியை நம்பிச் சோறு தின்கிற குடும்பம் ஒன்றாவது இருக்கும். ஓட்டுகிறவர், பாடி கட்டுகிறவர், டயர் கடைக்காரர் என்று ஏதாவது ஒரு வகையில் லாரிதான் அடுப்பு எரிய வைக்கும். எங்கள் வீடும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் வடக்கே போகும் லைன் வண்டி ஓட்டுகிறார். பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா என்று டில்லி போய்ச் சேர 2,000 கிலோ மீட்டருக்கு மேல். வண்டியில் இரண்டு டிரைவர்.

"அதான் ரெண்டு பேர் இருக்காங்களே! ஒருத்தர் ஓட்டினா ஒருத்தர் தூங்கலாம். அப்புறம் என்னங்க கவலை?" என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சகோதரிகளே, டிரைவர் இரண்டு பேர் என்பதால் தூக்கம் இரட்டிப்பாகி விடுவதில்லை.

ஓடுகிற வண்டியில் படுப்பதை நினைத்துப் பாருங்கள். இஞ்சின் சத்தம், ஹாரன், ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு தூக்கிப் போடல். பிரேக் அடித்தால் கண் தானாகத் திறந்து கொள்ளும். எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் அசந்து தூங்கியது அதில் பாதி இருந்தால் அதிசயம். தொட்டிலை ஆட்டினால் குழந்தை தூங்கும். தொட்டிலை உலுக்கினால் தூங்குமா?

இன்னொன்று, நேரம். நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. இரவு 2 மணியிலிருந்து விடியும்வரை அது "படு, படு" என்று சொல்லும். பகல் சாப்பாட்டுக்குப் பிறகும் கொஞ்ச நேரம் அப்படித்தான். பகலில் தூங்கி எழுந்தவரையும் அந்த விடிகாலை நேரம் விடாது. கைக்குழந்தைக்காக ராத்திரி முழுக்க விழித்த தாய்மாருக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த அசதியில் நாம் பாலைப் பொங்க விடுவோம். அவர்கள் கையிலோ பல டன் லோடு.

1997-ல் ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி செய்து சொன்னார்கள்: 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் கைத்திறன், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லி கிராம் சாராயச் சத்து உள்ளவர் அளவுக்கு இறங்கி விடுகிறதாம். நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்டுகிறவருக்கு 30 மில்லி கிராமுக்கு மேல் கூடாது என்கிறது. குடிக்காத மனிதரையும் தூக்கம் குடித்தவராக்கி விடுகிறது.

இது சட்டம் போட்டவர்களுக்குத் தெரியாததல்ல. 1961-ல் வந்த மோட்டார் தொழிலாளர் சட்டம், நாளைக்கு 8 மணி வேலை, 5 மணி நேரத்துக்குள் அரைமணியாவது ஓய்வு என்று எழுதி வைத்தது. நேஷனல் பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும், ஒருவர் நீட்டிப் படுக்கச் சீட்டு வேண்டும் என்றும் விதி இருந்தது. 2018-ல் இரண்டு டிரைவர் கட்டாயத்தை எடுத்து விட்டார்கள். இப்போது ஒரே டிரைவரோடு கிளம்பும் வண்டிகளும் உண்டு. ஒரு நல்லது, 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். நாக்பூர் வெயிலில் படுத்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சரி, வீட்டிலிருக்கும் நாம் என்ன செய்யலாம்?

முதலில் போன். யாருக்கு எந்த நேரம் முறை என்று கிளம்பும்போதே கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். ஓட்டும் நேரத்திலும் கூப்பிடக் கூடாது, தூங்கும் நேரத்திலும் கூப்பிடக் கூடாது. வண்டி நின்றதும் அவரே கூப்பிடட்டும். பள்ளிக்கூட ஃபீஸ், மாமியார் சண்டை எல்லாம் அதுவரை காத்திருக்கும். எங்கள் மாத்து டிரைவர் தம்பி, "அக்கா, அண்ணன் இப்பத்தான் படுத்தாருங்க" என்றால், "எழுப்ப வேண்டாம் தம்பி" என்பதோடு என் பேச்சு முடிந்தது.

இரண்டாவது, முறை மாற்றுவது. தூங்கி எழுந்தவுடன் ஸ்டேரிங்கைப் பிடிக்கக் கூடாது. தலை தெளிய கால்மணி, அரைமணி ஆகும். முகம் கழுவி, நாலடி நடந்து, டீ குடித்துவிட்டு ஏறச் சொல்லுங்கள். படுக்கப் போகிறவருக்கு டீ வேண்டாம். அதன் வேலை பல மணி நேரம் நிற்கும்.

மூன்றாவது, கொடுத்தனுப்பும் மாத்திரை. சளி, அரிப்புக்கான மாத்திரைகள் சிலவற்றுக்குத் தூக்கம் வரும். டாக்டரிடம், "இவர் லாரி ஓட்டுகிறவர்" என்று சொல்லிக் கேட்காமல் பையில் போடாதீர்கள்.

நான்காவது, குறட்டை. பலத்த குறட்டை நடுவில் நின்று, மூச்சுத் திணறித் திரும்பத் தொடங்குகிறதா? காலையில் தலைவலி, பகலெல்லாம் தூங்கி விழுகிறாரா? அது அசதி மட்டுமல்ல, வைத்தியம் உள்ள நோய். எவ்வளவு நேரம் படுத்தாலும் அவருக்குத் தூக்கம் போதாது. பக்கத்தில் படுக்கும் நமக்குத்தான் முதலில் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

கடைசியாக, வீடு வந்த முதல் நாள். ரேஷன் கடை, கல்யாண வீடு, கடன்காரர் எல்லாம் மறுநாளைக்கு. ஜன்னலை மூடி, இருட்டாக்கி, பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தூங்க விடுங்கள். "வந்ததும் படுத்துட்டார்" என்று உறவுக்காரர்கள் பேசுவார்கள். பேசட்டும்.

லோடு தாமதமானால் வாடகையில் பிடிப்பார்கள். அந்தக் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனாலும் கண் சொக்கினால், இரண்டு பேருக்குமே சொக்கினால், வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு இரண்டு பேரும் தூங்கட்டும். "பணம் குறைஞ்சாப் பரவாயில்லீங்க, நின்னு தூங்கிட்டு வாங்க" என்று வீட்டிலிருந்து ஒரு குரல் சொன்னால், நிறுத்துவதற்கு அவர்களுக்குத் தைரியம் வரும். மாத்து டிரைவர் வீட்டுப் பெண்ணிடமும் இதைச் சொல்லி வையுங்கள். அந்த வண்டியில் போவது இரண்டு குடும்பம்.