கடை மூடினால் புத்தகமும் போகுமா?



2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களின் புத்தகங்களும் திறக்காமல் போயின. பணம் திரும்பக் கிடைத்தது உண்மைதான். பக்கங்களில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர், அதுவும் அந்த நிறுவனக் கணக்கிலேயே வரவு! நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் கோப்பைத் திறக்க விடாத டிஜிட்டல் பூட்டுதான் காரணம். அது இல்லாவிட்டால் திருட்டு பெருகும் என்கிறார்கள் பதிப்பாளர்கள். இசை நிறுவனங்களும் இதையேதான் சொல்லின. 2009இல் ஐடியூன்ஸ் பாடல்களின் பூட்டை ஆப்பிள் அகற்றிய பிறகும் பாட்டு வியாபாரம் படுத்துவிடவில்லை. திருடுகிறவர் பூட்டை உடைத்துவிடுகிறார். மாட்டிக்கொள்பவர் ரசீதோடு வாங்கியவர். டிஜிட்டல் பொருள்களில் விற்பது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்று வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்லும்படி கலிபோர்னியாவில் 2025 முதல் சட்டம் இருக்கிறது. நல்லது, ஆனால் எச்சரிக்கை மட்டும் போதாது. கடையை மூடும் நிறுவனம், பூட்டில்லாத ஈபப் மின்னூல் கோப்பை வாடிக்கையாளரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.