மார்க் சுமார்தான்... வெளிநாட்டில் படிக்கப் போகலாமா? சீட்டுக்கு முன்னால் போட வேண்டிய கணக்கு

"6.8 சிஜிபிஏதான் இருக்கு, ரெண்டு அரியர் வேற இருந்துச்சு. நமக்கெல்லாம் ஃபாரின்ல சீட் கிடைக்குமா?" பொறியியல் கடைசி ஆண்டில் இருக்கும் பலரும் கேட்கும் கேள்வி இது. வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை மையங்களில் போய்க் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "கவலையே படாதீங்க தம்பி, கண்டிப்பா கிடைக்கும்" என்பதுதான்.

அந்தப் பதில் பொய்யில்லை. சுமாரான மார்க்குக்கும் உலகில் எங்காவது ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் இருக்கிறது. ஆனால், மார்க் குறையக் குறைய இடம் கிடைக்கும் வாய்ப்பை விட, அந்த இடத்துக்குக் கொடுக்க வேண்டிய விலைதான் அதிகம் மாறுகிறது. அதனால் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய முதல் விஷயம் சீட் இல்லை, கடன்.

சீட் ஏன் எளிதாகக் கிடைக்கிறது?

இங்கிலாந்தை எடுத்துக்கொள்ளலாம். அங்கே உள்நாட்டு இளநிலை மாணவர்களிடம் வாங்கும் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017 முதல் பல ஆண்டுகள் அது 9,250 பவுண்டிலேயே நின்றது. விலைவாசி ஏறியது, கட்டணம் ஏறவில்லை. வெளிநாட்டு மாணவர்களின் கட்டணத்துக்கு அப்படி எந்த வரம்பும் கிடையாது. துண்டு விழும் பணத்தைப் பல பல்கலைக்கழகங்கள் அங்கிருந்துதான் சரிக்கட்டுகின்றன. ஓராண்டு முதுநிலைப் படிப்பு அதற்கு வசதியான சரக்கு.

மாணவரைச் சேர்த்துவிடும் முகவருக்குப் பல்கலைக்கழகம் கமிஷன் கொடுக்கிறது. பெரும்பாலும் அது முதலாண்டுக் கட்டணத்தில் இத்தனை சதவீதம் என்ற கணக்கு. "எங்க சர்வீஸ் முழுக்க ஃப்ரீ சார்" என்று சொல்ல முடிவது இதனால்தான். இதில் சட்டவிரோதம் ஒன்றுமில்லை. நேர்மையாக வழிகாட்டும் முகவர்களும் உண்டு. ஆனால், கட்டணம் அதிகமான இடத்துக்கு மாணவர் போனால் முகவருக்கு வருமானம் அதிகம், போகாமல் விட்டால் ஒன்றுமே இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் அந்த அறிவுரையைக் கேட்க வேண்டும்.

மார்க் மூடுகிற கதவு எது?

அதிகச் செலவில்லாத கதவைத்தான் மார்க் முதலில் மூடுகிறது. ஜெர்மனி இதற்கு நல்ல உதாரணம். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டருக்கு ஒரு சிறு தொகை மட்டுமே. விதிவிலக்குகளும் உண்டு. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்கள் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டுகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் புதிதாகச் சேரும் இத்தகைய மாணவர்களிடம் கட்டணம் வாங்குகிறது.

கட்டணம் இல்லாததால் மார்க்கில் வடிகட்டுகிறார்கள். நம் மதிப்பெண்ணை அவர்களுடைய அளவுகோலுக்கு மாற்ற ஒரு சூத்திரம் இருக்கிறது. அதில் 1.0 மிகச் சிறந்தது, 4.0 வெறும் தேர்ச்சி. பத்துக்கு ஐந்தைத் தேர்ச்சி அளவாக வைத்துக் கணக்கிட்டால், 7.5 சிஜிபிஏ எடுத்தவருக்கு 2.5 வரும். 6.5 எடுத்தவருக்கு 3.1. பல முதுநிலைப் படிப்புகள் "2.5 அல்லது அதைவிடச் சிறந்தது" என்று கோடு போட்டுவிடுகின்றன. இங்கே ஒரு புள்ளி வித்தியாசம்தான். அங்கே அதுவே வாசலுக்கு உள்ளேயா, வெளியேயா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

உதவித்தொகையிலும் இதே நிலைதான். பட்டியல் சாதி உள்ளிட்ட பிரிவினருக்கான மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்குக் குறைந்தபட்சம் 60 சதவீத மதிப்பெண் வேண்டும், குடும்ப வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 62 சதவீதம் எடுத்த மாணவர் "நம்ம மார்க்குக்கு யார் தருவா" என்று விண்ணப்பிக்காமலே விட்டால் இழப்பு அவருக்குத்தான். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் இருக்கிறது. முகவரிடம் போவதற்கு முன்பு இந்த இரண்டின் தகுதி விதிகளையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

இந்தக் கதவுகள் மூடிய பிறகு மிச்சமிருப்பவை பெரும்பாலும் முழுக் கட்டணம் வாங்கும் கதவுகள். 8.5 எடுத்தவர் கட்டணமில்லாமல் படிக்கும் அதே பாடத்தை, 6.5 எடுத்தவர் அவ்வளவாகப் பெயர் தெரியாத ஓரிடத்தில் பல லட்சம் கொடுத்துப் படிக்கிறார். வேலைச் சந்தையிலும் அந்தப் பட்டத்துக்கு மதிப்புக் குறைவு. சுமார் மார்க் மாணவர் சந்திக்கும் உண்மையான அநியாயம் இதுதான்.

கடன் என்ன செய்யும்?

ஒரு சாதாரணக் கணக்கு. இங்கிலாந்தில் நடுத்தரப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஓராண்டு முதுநிலை. கட்டணம் 15,000 முதல் 20,000 பவுண்டு. அதோடு தங்குமிடம், சாப்பாடு, விமானம், விசா, ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கூடுதல் கட்டணம். எல்லாம் சேர்த்தால் 30 லட்சம் ரூபாயை எளிதாகத் தொட்டுவிடும்.

அந்த 30 லட்சத்தை 11 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கினால், பத்து ஆண்டுத் தவணை மாதம் சுமார் 41,300 ரூபாய். கல்விக் கடனில் படிக்கும் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால், வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். இரண்டு ஆண்டு வட்டி 6.6 லட்சத்தையும் அசலோடு சேர்த்தால் தவணை மாதம் 50,000 ரூபாயைத் தாண்டிவிடும்.

இதை யார் கட்டுவார்கள்? கடன் பத்திரத்தில் மாணவரோடு பெற்றோரும் கையெழுத்துப் போடுகிறார்கள். பொதுத்துறை வங்கிகள் வழக்கமாக 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்து அடமானம் கேட்கின்றன. அடமானம் இல்லாமல் கொடுக்கும் நிதி நிறுவனங்களில் வட்டி கூடுதல். 2024-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த, அடமானம் கேட்காத பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம் இந்தியாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட கல்வி நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு மட்டும்தான். "அதான் கவர்மென்ட் லோன் இருக்கே" என்று வெளிநாட்டுப் படிப்புக்கு அதை நம்பி உட்கார முடியாது.

படித்து முடித்தவருக்கு அங்கே வேலை கிடைக்காமல் ஊர் திரும்பினால், வங்கி அவரை மட்டும் தேடி வராது. அப்பாவின் ஓய்வூதியக் கணக்கையும், அம்மா பெயரில் இருக்கும் வீட்டையும் சேர்த்தே பார்க்கும்.

"அங்கேயே வேலை பார்த்து அடைச்சிடலாம்" என்பது நடக்குமா?

நடந்திருக்கிறது, இன்னும் நடக்கிறது. ஆனால், அண்ணன் போன காலத்து விதிகள் தம்பிக்கு இல்லை.

இங்கிலாந்தில் முதுநிலை படிப்பவர்கள் குடும்பத்தை அழைத்துவருவது, ஆராய்ச்சிப் படிப்புகள் தவிர, 2024 ஜனவரி முதல் நிறுத்தப்பட்டது. படித்த பின் வேலை தேடக் கொடுக்கப்படும் இரண்டு ஆண்டு விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதங்களாகக் குறைகிறது. திறன் பணியாளர் விசாவுக்கான பொதுவான சம்பள வரம்பு 2025 ஜூலையில் ஆண்டுக்கு 41,700 பவுண்டாக உயர்ந்தது. புதிதாக வேலையில் நுழைபவர்களுக்கு 33,400 பவுண்டு என்ற சலுகை உண்டு. அதையும் கொடுக்கத் தயாராக இருக்கும் நிறுவனம் கிடைக்க வேண்டுமே!

கனடா 2024-ல் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது. இந்திய மாணவர்கள் அதிகம் பயன்படுத்திய விரைவு விசா வழியை அதே ஆண்டு நவம்பரில் மூடியது. அரசுக் கல்லூரியின் பாடத்திட்டத்தைத் தனியார் வளாகத்தில் நடத்தும் இடங்களில் 2024 மே 15-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் படிப்புக்குப் பிந்தைய பணி அனுமதி கிடையாது. மார்க்கைப் பெரிதாகப் பார்க்காத இடங்கள் என்று பலர் தேடிப் போனவை இத்தகைய வளாகங்கள்தான்.

அமெரிக்காவில் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்களுக்கு ஓபிடி முறையில் மொத்தம் மூன்று ஆண்டு வேலை பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது. அதன் பிறகு எச்-1பி. ஆண்டுக்கு 85,000 புதிய இடங்கள்தான். விண்ணப்பங்கள் அதற்கு மேல் வருவதால் குலுக்கல் நடக்கிறது. 2025 செப்டம்பரில், நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணமும் அறிவிக்கப்பட்டது.

இரண்டாண்டுப் படிப்பில் சேரும் நாளில் இருக்கும் விதி, முடிக்கும் நாளில் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. கடன் தவணை மட்டும் மாறாமல் இருக்கும்.

ஒரே ஒரு கேள்வி

இந்தக் குழப்பத்துக்கு நடுவே முடிவெடுக்க ஒரு கேள்வி போதும்: பட்டம் வாங்கிய மறுநாளே ஊருக்குத் திரும்பி, இங்கே கிடைக்கும் சம்பளத்தில் வேலை பார்த்தால் இந்தக் கடனை அடைக்க முடியுமா?

ஐடி சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேருபவர்களுக்குப் பல ஆண்டுகளாக ஆண்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் அளவில்தான் சம்பளம். வெளிநாட்டு முதுநிலைக்காக அதை இரண்டு மடங்காகக் கொடுத்தாலும், கையில் வருவது மேலே சொன்ன ஒரு தவணைக்குத்தான் சரியாக இருக்கும். வாடகையும் சாப்பாடும் யார் கணக்கு?

அதே கேள்வியை 10 லட்சம் ரூபாய்க் கடனுக்குக் கேட்டால் பதில் வேறு. அதே வட்டிக்குப் பத்து ஆண்டுத் தவணை சுமார் 13,800 ரூபாய். முக்கித் தக்கியாவது கட்டிவிடலாம். சேமிப்பிலிருந்து செலவழிக்கக்கூடிய குடும்பத்துக்கும் இந்தப் பயம் இல்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளை 6 சிஜிபிஏவோடு போய், உலகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாலும் நஷ்டம் ஒன்றுமில்லை. 30 லட்சம் கடனில், வீட்டை அடமானம் வைத்துப் போகிறவருக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே "இந்த மார்க்குக்குப் போகலாமா" என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான பதில் இல்லை. "இந்த மார்க்குக்கு, இந்தக் கடனில்" என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் வரும்.

அப்படியானால் சுமார் மார்க் மாணவர் ஆசைப்படவே கூடாதா?

ஆசைப்படலாம். மார்க் ஒருவரின் முழு அளவு ஆகாது. தமிழ்வழியில் படித்து, முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டி, அதில் விழுந்த அரியரைக் கடைசி வரை இழுத்துச் சுமந்தவர்கள் எத்தனையோ பேர். நான்காம் ஆண்டில் நன்றாகப் படித்தாலும் மொத்த சிஜிபிஏவில் அது தெரியாது.

சிஜிபிஏவை இனி மாற்ற முடியாது. மற்றதை மாற்றலாம். சம்பந்தப்பட்ட துறையில் இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு விண்ணப்பிப்பவரை, மார்க்கை மட்டும் வைத்து எடைபோடாத பல்கலைக்கழகங்கள் உண்டு. அந்த இரண்டு ஆண்டில் கொஞ்சம் பணம் சேரும், கடன் குறையும். "எனக்கு உண்மையிலேயே இந்தப் பாடம் பிடிச்சிருக்கா, இல்ல எல்லாரும் போறாங்கன்னு போறேனா" என்பதும் தெளிவாகிவிடும். வேலை அனுபவத்தோடு போனவர் திரும்பி வர நேர்ந்தாலும், புதுமுகமாக வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

ஜெர்மனியிலும் எல்லாக் கதவும் மூடவில்லை. செயல்முறைக் கல்விக்கு முக்கியத்துவம் தரும் ஹோக்‌ஷூலே எனப்படும் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகங்களில், 2.5 என்ற கோடு போடாத படிப்புகளும் இருக்கின்றன. ஒவ்வொரு படிப்பின் பக்கத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அலுப்பான வேலைதான். அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகக் கமிஷன் தருவதில்லை என்பதால், பல முகவர்கள் அந்த வேலையை மாணவருக்காகச் செய்ய மாட்டார்கள். அங்கே போக ஏபிஎஸ் சான்றிதழ் வேண்டும். முடக்கக் கணக்கில் ஓராண்டுச் செலவுக்காக 11,904 யூரோ காட்ட வேண்டும். ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய். ஆனால், அது கட்டணமாகப் போய்விடும் பணம் இல்லை, மாதம் 992 யூரோவாக மாணவர் கைக்கே திரும்பி வருவது.

உள்ளூரிலும் வழி இருக்கிறது. கேட் தேர்வில் தகுதி பெற்று, ஏஐசிடிஇ அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் எம்.இ. சேர்பவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. நன்றாகப் படித்து அந்த மதிப்பெண்ணை வாங்கினால், பிறகு வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது பழைய 6.5 அவ்வளவாக உறுத்தாது.

அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்...

ஆஃபர் லெட்டர் வந்ததும் வீட்டில் கொண்டாட்டம் தொடங்கிவிடும். சொந்தக்காரர்களுக்குச் சொல்லியாகிவிடும். அதன் பிறகு "வேண்டாம்" என்று சொல்வது மாணவருக்கும் கஷ்டம், பெற்றோருக்கும் கஷ்டம். முன்பணம் கட்டச் சொல்லி முகவர் அவசரப்படுத்துவதும் அந்த நேரத்தில்தான்.

ஆகவே, விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ஒரு தாளில் மூன்று எண்களை எழுதிப் பார்த்துவிட வேண்டும். மொத்தச் செலவு, அதில் கடன், இந்தியச் சம்பளத்தில் மாதத் தவணை போக மிஞ்சுவது. மூன்றாவது எண் சமாளிக்கக்கூடியதாக இருந்தால், மார்க்கைப் பற்றிய தாழ்வு மனப்பான்மை இல்லாமல் தைரியமாகப் போகலாம். அது பூஜ்ஜியத்துக்குக் கீழே இருந்தால் இரண்டு ஆண்டு பொறுக்கலாம். அடுத்த ஆண்டும் பல்கலைக்கழகம் அங்கேயேதான் இருக்கும். அடமானம் வைத்த வீடு இருக்குமா என்பதுதான் தெரியாது.