போத்தலுக்குள் இருப்பது என்ன?



காலையில் இறக்கிய கள் இனிக்கும், மாலையில் பொங்கி ஏறும், மறுநாள் புளிக்கும், அப்புறம் காடியாகிவிடும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் பிரான்சு நாட்டின் போர்டோ வட்டாரத்துச் சிவப்புத் திராட்சை மதுவில் உயர்ந்த ரகம் நாற்பது, ஐம்பது ஆண்டு கிடந்தும் கெடுவதில்லை. குடும்பப் பத்திரிகையில் மதுவைப் பற்றிய பேச்சா என்று முகம் சுளிக்க வேண்டாம். முடிவுவரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

கள்ளில் சாராயச் சத்து குறைவு. திறந்த பானையில் காற்றுப்படக் கிடப்பதால் நுண்ணுயிர்கள் அதைச் சீக்கிரமே காடியாக்கிவிடுகின்றன. போர்டோ மதுவிலோ நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவில் சாராயம் இருக்கிறது. புளிப்பு இருக்கிறது. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து இறங்கிய துவர்ப்பும் இருக்கிறது. பச்சைப் பாக்கைக் கடித்தால் நாக்கை இழுக்குமே, அந்தத் துவர்ப்புதான். தக்கை வழியே மிகச் சிறிதளவு காற்றுதான் உள்ளே போகும். ஆண்டுகள் ஓட ஓட அந்தத் துவர்ப்பு ஒன்றோடொன்று கூடி வண்டலாக அடியில் படிகிறது. கருஞ்சிவப்பு மங்கிச் செங்கல் நிறமாகிறது. பழவாசம் போய், காய்ந்த இலையும் ஈரமண்ணும் கலந்த ஒரு வாசம் வருகிறது.

நாள்பட்ட மது நம்மவருக்கும் புதிதன்று. மூங்கில் குழாயில் முதிரவைத்த தேறலைப் பற்றிச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் குறிப்பிடுகிறார். 1945இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் வீலர் அகழ்ந்தபோது, அத்தகைய மது வந்த சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன.

பழைய மதுவைச் சோதிப்போர் ஒரே ஆண்டில் விளைந்த பல தோட்டத்து மதுக்களை வரிசையாக வைத்துச் சுவைப்பது உண்டு. போர்டோவில் 1961ஆம் ஆண்டு அப்படிப் பேர்போனது. அந்த ஆண்டு மே மாதப் பனியில் பூவும் பிஞ்சும் கருகின. கோடையில் மழை இல்லை. விளைச்சல் சுருங்கியது, எஞ்சிய பழத்தில் சாரம் திரண்டது. எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே பனி, ஒரே வெயில். ஆனாலும் கிண்ணத்துக்குக் கிண்ணம் சுவை வேறு. 1855இல் போட்ட தரவரிசையில் மூன்றாம் வகுப்பில் வைக்கப்பட்ட ஷாத்தோ பால்மேர், அந்த 1961ஆம் ஆண்டில் முதல் வகுப்புத் தோட்டங்களோடு தோளுரசி நின்றது. எப்போதோ ஒட்டிய வகுப்புச் சீட்டைப் பார்த்தே தரம் சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

வைத்திருக்கும் இடமும் முக்கியம். இத்தகைய மதுவுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பாகை செல்சியஸ் குளிர்ச்சி வேண்டும். நம் பாசிர் கூடாங் வெயிலில் தகரக்கூரைக்குக் கீழே சில மாதம் கிடந்தால் 1961ஆவது, வேறெதாவது! வெந்த சரக்குதான் மிஞ்சும்.

விலை ஏறிய இடத்தில் ஏமாற்றும் வந்து சேரும் அல்லவா? ஜக்கார்த்தாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ரூடி குர்னியாவன் என்பவர் மலிவான மதுவைக் கலந்து, பழைய சீட்டு ஒட்டிப் பணக்காரர்களுக்கு விற்றார். 2008இல் நியூயார்க் ஏலத்துக்கு அவர் அனுப்பிய பர்கண்டி மதுவில் 1945ஆம் ஆண்டுச் சீட்டும் இருந்தது. பெயர் போடப்பட்ட பொன்சோ குடும்பமோ, அந்த வயல் மதுவைச் செய்யத் தொடங்கியதே 1980களில்தான்! அந்தக் குடும்பத்தார் தலையிட்டு, அந்தப் போத்தல்களை ஏலத்திலிருந்து விலக்கச் செய்தார்கள். 2012இல் பிடிபட்ட குர்னியாவனின் வீட்டில் சீட்டுகள் கட்டுக்கட்டாக இருந்தன. 2014இல் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் போலி மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் பிழைக்க வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அந்த மதுவில் இருந்தது மெத்தனால். பணக்காரன் வாங்கிய போலியில் பணம் போயிற்று. ஏழை வாங்கிய போலியில் உயிரே போயிற்று.

தொழிற்சாலைகள் நிறைந்த நம் ஊரிலும் சம்பள நாளன்று மலிவுப் போத்தலைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். மெத்தனாலை நிறத்தாலும் மணத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. உடலுக்குள் போனபின் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். குடித்த சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ தலைவலி, வாந்தி, மூச்சு வாங்கல், பார்வை மங்கல் வரும். "போதை தெளியட்டும், தூங்கவிடு" என்று வீட்டில் விட்டுவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் அங்கே உண்டு. நேரம் தாழ்ந்தால் கண் போகும், உயிரும் போகும்.

குடிக்காதிருப்பதே நல்லது, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அறிவுரை கேளாத ஒருவர் எந்த வீட்டிலும் இருக்கலாம். சீட்டையும் விலையையும் நம்பிப் போத்தலைத் திறக்கிற அவருக்காகத்தான் இந்த மாதம் இவ்வளவும் எழுதினேன். இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படும்படி வையுங்கள்.