வெளுத்துப்போன கண்ணாடி

1950-களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் கார்னிங் கண்ணாடிக் கம்பெனியின் ரசாயன நிபுணர் ஸ்டூக்கி, வெள்ளி சிறிது கலந்த கண்ணாடித் தகட்டை 600 டிகிரியில் சுட உலையில் வைத்தார். உலை பழுதாகி 900-க்கு ஏறிவிட்டது. உருகி ஓடவேண்டிய தகடு பால்போல் வெளுத்துக் கிடந்தது; இடுக்கியினின்று நழுவித் தரையில் விழுந்தும் உடையவில்லை!

இதை அதிர்ஷ்டம் என்பார்கள். உலைக்கும் ஜாதகம் உண்டுபோலும்! அப்படியானால், வெளுத்த கண்ணாடியைக் கெட்டதென்று அதுவரை குப்பையில் கொட்டினவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் ஏன் வரவில்லை? இவரோ காரணத்தைத் தேடினார். பாகில் கட்டிய நூலைப் பற்றிக் கற்கண்டு விளைவதுபோல, கண்ணுக்கெட்டாத வெள்ளித் துகள்களைப் பற்றி நுண்ணிய பளிங்குகள் விளைந்திருந்தன. விரிசல் ஓடவொட்டாமல் தடுத்தவை அவையே. 1958-ல் அவ்வகைப் பண்டம் சமையல் பாத்திரமாகவே கடைக்கு வந்துவிட்டது.